தொடாமல் கற்பிக்கும் முறை

எனக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு பொய்யால்தான். "மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று நிறுவனத்தின் செயலாளர் கேட்டார். தெரியும் என்றேன். தாவரவியலில் நான் வாங்கியிருந்த பட்டத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாவது பொய்யும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரம் ஜங்ஷனில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் வழியனுப்பிக்கொண்டிருந்த எனக்குத் திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 'கள ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பணத்தில் கிராமங்களில் சுகாதாரம் சொல்லித்தருகிற நிறுவனம். வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டார்:

"இன்னா வேலடா அது?"

"ஜனங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தர்ற வேலம்மா."

"மொதல்ல நீ கழுவிட்டு வந்து சாப்பிடு."

சேர்ந்த முதல் வாரமே நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளை ஒரு ஏரிக்குள் இறக்கினேன். நல்லவேளை, ஏரியில் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு சைக்கிள்தான். பின்னால் கேரியரில் எங்களுடைய 'வளங்கள்' எல்லாம் கட்டியிருக்கும். ஒரு துணிப் பலகை. அதில் ஒட்டுவதற்குப் படங்கள். காற்று அடித்தால் முதலில் தாய் பறந்துபோவாள், பின்னாலேயே குழந்தை. சுருட்டி வைத்த படத்தாள்கள் வடநாட்டிலிருந்து வந்தவை. முக்காடு போட்ட பெண் ஒருத்தி எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை கழுவுவாள். நான் கிருமியைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால், "அந்த எருமை எவ்ளோ பாலு கறக்கும் சார்?" என்று கேட்பார்கள். எருமையைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது.

உண்மையில் வேலை செய்தது நானில்லை. ஊருக்கு ஒருவர் என்று கிராம சுகாதாரப் பணியாளர்களாகப் பெண்களைச் சேர்த்திருந்தோம். அவர்களுக்கு விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி, பிறகு ஒரு தகரப் பெட்டி, மாதம் ஒரு சிறு தொகை. நான் எழுதப்போவது அவர்களில் ஒருவரைப் பற்றி.

திண்டிவனத்திலிருந்து திருவக்கரைப் பக்கம் போகிற வழியில் உள்ள ஒரு ஊர். பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொள்வீர்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம். அவர் காலனியைச் சேர்ந்தவர். எட்டாவது வரை படித்திருந்தார். புருஷன் திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். இரண்டு பிள்ளைகள். மூன்றாவதாகப் பிறந்தது பேதியில் போயிருந்தது. அதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், பயிற்சியில் சேர்ந்த அன்று, "ஏம்மா இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று நான் படிவத்தை நிரப்புவதற்காகக் கேட்டபோது.

பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்தால் உயிர் நிற்கும். இதைத்தான் அவர் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். காலனியில் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, தன் கையாலேயே கலந்து கொடுப்பார். ஊருக்குள் வந்தால் தெருவில் நின்று குரல் கொடுப்பார். வாசற்படி தாண்டக் கூடாது. பானையைத் தொடக் கூடாது.

"யம்மா, ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்குங்க. கொதிச்சி ஆறுன தண்ணிதானே? இப்ப மூணு வெரலால உப்பு எடுங்க. மூணுன்னா மூணுதான், நாலாவது வெரலு கூட்டு சேரக் கூடாது. இப்ப நாக்குல வச்சிப் பாருங்க. கண்ணீரு கரிக்கற அளவுக்குத்தான் கரிக்கணும்."

"கண்ணீரு எப்டிக் கரிக்கும்னு எனக்கு இன்னாடி தெரியும்?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

"அய்ய, மாமியாரு இல்லாத வூடா இது?" என்பார் இவர், தெருவிலிருந்து.

உள்ளே சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கலக்குவார்கள். அந்தச் சமயத்தில் நான் எங்கே இருந்தேன் என்றும் சொல்லிவிட வேண்டும். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பேன். முதல் நாள் அந்த வீடுகளில் என்னிடம் அப்பா பேர் இன்னா, சொந்த ஊரு எது, அங்க யாரு வூட்டாண்ட இருக்கறீங்க என்று மூன்று கேள்விகள் கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் முதல் தடவையிலேயே பாஸான பரீட்சை அது ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி தருகிறவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அச்சடித்த படிவம். அதில் 'புதிய அணுகுமுறைகள்' என்று ஒரு தலைப்பு. கீழே ஒரு முழுப்பக்கம் காலியாக இருக்கும். அதை நிரப்பாமல் அனுப்பினால் எங்களுக்குச் சிந்தனை இல்லை என்று நினைத்து நிதியை நிறுத்திவிடுவார்கள் என்பது செயலாளரின் பயம். ஒரு மத்தியானம், திண்டிவனம் அலுவலகத்தில் மின்விசிறியும் ஓடாமல், அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எருமையைப் பற்றி எழுத முடியாது. குறும்பு தலைக்கேறியது. எழுதினேன்:

'எங்கள் களப்பணியாளர் தண்ணீரையோ பாத்திரத்தையோ வேண்டுமென்றே தொடுவதில்லை. சற்றுத் தொலைவில் நின்று சொல்கிறார். தாய் தன் கையாலேயே கலக்கிப் பழகுகிறாள். இதனால் தாயின் தன்னம்பிக்கை வளர்கிறது. இதைத் தொடாமல் கற்பிக்கும் முறை என்று அழைக்கிறோம்.'

'வேண்டுமென்றே' என்ற வார்த்தையைப் போட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. செயலாளர் பார்த்தால் புரிந்துகொள்வார், சிவப்பு மையில் அடிப்பார், இரண்டு திட்டுத் திட்டுவார், பிறகு டீ குடிக்கப் போவோம் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். "நல்லா வந்திருக்குய்யா. இங்கிலீஷ்ல போட்டுடு" என்றார். அவர் விளையாடுகிறார் என்று நான் நினைத்தேன். அவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். தெருவில் யார் நிற்பார்கள், ஏன் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் அறிக்கை போய்விட்டது. நானும் போகவிட்டேன்.

பதில் மிகுந்த மகிழ்ச்சியோடு வந்தது. அடுத்து நிதி தருகிறவர்களின் டெல்லி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மையார் நேரிலேயே வந்தார். கதர்ப் புடவை, கழுத்தில் கேமரா, எதைப் பார்த்தாலும் முகம் மலர்கிற நல்ல மனுஷி. தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான்.

நம் பணியாளர் வழக்கம்போலத் தெருவில் நின்றார். வழக்கம்போல உள்ளே கலக்கினார்கள். அம்மையார் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அவரிடம் வந்து, ஏன் இவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். இது தெரியாதா உனக்கு என்கிற பார்வை.

"எங்கள உள்ள வுட மாட்டாங்கம்மா" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தாயே செய்து பழக வேண்டும் என்பதற்காக, என்கிறார்."

அம்மையார் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். காலனிக்குத் திரும்புகிற வழியில் நம் பணியாளர் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்தபடி கேட்டார்:

"இன்னா சார் சொன்னீங்க? அந்தம்மா அவ்ளோ சந்தோசப்பட்டாங்க?"

"நீங்க சொன்னதத்தாம்மா சொன்னேன்."

அவர் நம்பினார். உண்மையைக் கேட்ட பிறகும் அந்த அம்மையார் தன் கையைப் பிடித்தார் என்றே நினைத்திருக்க வேண்டும். "டெல்லியில அப்டியெல்லாம் கெடையாது போலக்குது" என்றார்.

இரண்டு மாதத்தில் கையேடு அச்சாகி வந்தது. விழுப்புரத்தில் அச்சடித்த பச்சை அட்டைப் புத்தகம். உள்ளே கோட்டோவியம்: ஒரு பெண் தெருவில் நின்று கை நீட்டிச் சொல்கிறாள், வீட்டுக்குள் ஒரு தாய் கலக்குகிறாள். கீழே தடித்த எழுத்தில், 'பணியாளர் எக்காரணம் கொண்டும் பாத்திரத்தைத் தொடக் கூடாது.' 'எக்காரணம் கொண்டும்' நான் எழுதியதல்ல, செயலாளருடையது. மற்றதெல்லாம் என்னுடையது. எங்கள் பணி நடக்கிற எல்லா ஊர்களுக்கும் கட்டுக்கட்டாகப் போயிற்று. பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் ஆளுக்கொன்று.

அந்த முறையின் புண்ணியத்தில் நிதி நீட்டிக்கப்பட்டது. கூடவே ஒரு பயிற்சி வாய்ப்பும் வந்தது. விழுப்புரத்தில் தங்கி ஆறு மாதம் படித்தால் சுகாதார உதவியாளர் சான்றிதழ், பிறகு எங்கள் கிளினிக்கிலேயே நிரந்தர வேலை. எல்லாப் பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம்; பகுதிக்கு ஒரு பெயர் அனுப்பினால் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் அவருடைய பெயரைத்தான் எழுதினேன். மனசாட்சி உறுத்தி எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வேறு யாருக்கும் வேலை தெரியாது என்பதுதான் காரணம்.

சொன்னபோது அவர் களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்புக்கு வந்து நின்றார்.

"ஆறு மாசத்துக்கு ரெண்டு பொடவ போதுமா சார்?"

"வெள்ளைப் பொடவ அவங்களே குடுப்பாங்கம்மா. யூனிபார்ம்."

அவர் களைக்கொத்திலிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு, "வெள்ளைப் பொடவ கட்டிக்கினு போனா உள்ள வுடுவாங்க சார்" என்றார். "ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்தா உள்ள இட்டுக்கினு போய் ஒக்கார வெக்கறாங்கல்ல. அவங்கள யாருன்னு கேக்கறாங்களா?"

பிள்ளைகளைத் தங்கச்சி வீட்டில் விடுவதற்குப் பேசி வைத்தார். புருஷனை எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ தெரியாது. தேர்வுக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அப்போதுதான் மல்லாட்டை பிடுங்கும் வேலை ஆரம்பமாயிற்று. ஊரே கொல்லையில் இருந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் இரண்டு வயதுகூட ஆகாத பெண் குழந்தைக்கு விடியற்காலையிலிருந்து பேதி. அம்மா, குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டு ஆட்களுக்குப் பின்னால் கொல்லைக்குப் போயிருந்தாள். மாமனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நம் பணியாளர் பெட்டியோடு அந்தத் தெருவில் வந்தபோது கிழவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். இவர் தெருவில் நின்று சொல்லச் சொல்ல, அவர் தடவித் தடவி உப்பு ஜாடியைத் திறந்து, உள்ளங்கை நிறைய உப்பை அள்ளிச் சொம்பில் போட்டார். மரக்காணத்துக் கல்லுப்பு. அதைக் கலக்கிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

நான் அங்கே இல்லை. இதை மூன்று பேர் சொல்லிக் கேட்டேன். நம் பணியாளர் சொன்னதுதான் மூன்றிலும் சின்னது: "உள்ள போய்ட்டேன் சார்."

உள்ளே போய், சொம்பைப் பிடுங்கிக் கீழே ஊற்றி, பானையில் தண்ணீர் மொண்டு, தானே கலந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டியிருக்கிறார். குழந்தைக்குக் கண் உள்ளே போய், கிள்ளினால் தோல் அப்படியே நிற்கிற நிலை. பொழுது சாய அம்மா வந்தபோது குழந்தை ஒரு தடவை ஒன்றுக்குப் போயிருந்தது. அது நல்ல அறிகுறி. அன்றைக்கே திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தண்ணீர் இறங்காமல் இருந்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றாராம் டாக்டர்.

நான்காம் நாள் குழந்தையின் அப்பா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மல்லாட்டைப் பை, எங்களுக்குத்தான். இன்னொரு கையில் பச்சை அட்டைப் புத்தகம். எனக்கும் செயலாளருக்கும் வணக்கம் சொல்லி உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"கொழந்த பொழச்சிக்கிச்சிங்க. அதுக்கு அவளுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுத்துட்டேன். அது வேற, இது வேற." புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார். "இத்தப் பாருங்க. தொடக் கூடாதுன்னு நீங்களே போட்டுக்கறீங்க. எக்காரணம் கொண்டும்னு போட்டுக்கறீங்க. அவ உள்ள பூந்து பானையில கைய வுட்டுட்டா. நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. புக்கு சொல்லுது."

"அவசரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"பானைய மாத்திட்டோம். அதுகூடப் பெரிசில்ல. நாளைக்கு நாலு வூட்ல பூந்தா எனக்குத்தான பேஜாரு? அவ இனிமே ஊருப் பக்கம் வர வேணாம். வேற ஆளப் போடுங்க. உங்க ஆபீசு நல்லதுதான் பண்ணுது, நாங்க ஒத்தாசையா இருக்கோம்."

மல்லாட்டைப் பையை மேஜையின்மேல் வைத்துவிட்டுப் போனார். புகாரை எழுதியும் கொடுத்திருந்தார். வறுத்தால் நன்றாக இருக்கும் என்றார் செயலாளர். எதைச் சொல்கிறார் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

தேர்வுக் கூட்டம் விழுப்புரத்தில், ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. செயலாளரும் ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களை வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அவர் கடைசியில் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை. பானையைத் தொட்டதற்குக் கிடைத்த புடவையா என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் புகாரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது புரிகிறது.

"இந்த முறைய எழுதினது நீங்கதானாமே? அவங்க மீறினாங்கன்னு சொல்றாங்க. உண்மையிலேயே இதுக்கு அப்படி ஒரு கட்டாயம் உண்டா? உங்களுக்குத்தான் தெரியும்."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி: ஐயா, அது முறையே இல்லை, தெருவில் நிறுத்தி வைத்ததற்கு நான் வைத்த பேர். சொன்னால் என்ன ஆகும்? டெல்லிக்குப் போன அறிக்கை பொய்யென்று ஆகும். நிதி நிற்கும். என் வேலை போகும், மறுபடியும் ஜங்ஷன். செயலாளர் தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"முறைய மீறுனதுல நான்தான் சார் சீனியர். மோட்டார் சைக்கிள ரோட்டுலதான் ஓட்டணும்னு சொன்னாங்க, நான் ஏரியில ஓட்டுனேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். செயலாளர் அதைவிடப் பலமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் டாக்டர், "சரி, அவங்க?" என்றார்.

"மீறுனாங்க சார்" என்றேன்.

இடம் வேறு பகுதிக்குப் போயிற்று. முடிவை அங்கேயே அறிவிக்கவில்லை. அந்தந்த ஒருங்கிணைப்பாளர் போய்ச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். மறுநாள் போனேன். பிடுங்கிப் போட்ட செடிகளின் நடுவில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். கூட இருந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி நகர்ந்துகொண்டார்கள்.

"சீட்டு வேற எடத்துக்குப் போயிட்டுதும்மா."

அவர் கை நிற்கவில்லை. "பானையத் தொட்டதுக்கா சார்?"

"புக்குல இருக்கறத மீறிட்டதா..."

"அந்தப் புக்க யாரு சார் எழுதுனது? டெல்லி அம்மாவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மையார் வந்து மறுக்கப் போவதில்லை. ஏனோ அன்றைக்குப் பொய் வரவில்லை. வரக் கூடாத நாளில் எல்லாம் வந்தது.

"நான்தாம்மா. வெளாட்டுக்கு எழுதுனேன். அது இப்டி ஆவும்னு நெனைக்கல."

அவர் ஒரு செடியை எடுத்து மண்ணை உதறினார். இன்னொன்றை எடுத்தார்.

"நீங்க வெளாடுவீங்க சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார். "உங்களுக்கு மோரு குடுக்கறாங்க."

ஊர் வேலையும் இனி இல்லை என்று நான் சொல்வதற்கு முன்பே தகரப் பெட்டியை அவர் மகள் எடுத்துவந்து என் சைக்கிளில் கட்டினாள். பெட்டிக்குள் எல்லாம் துடைத்து அடுக்கியிருந்தது. நிறுவனம் கொடுத்த கத்தரிக்கோல்கூட உறையோடு இருந்தது.

ஊர்ப் பக்கமிருந்தே ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தோம். பத்தாவது படித்தவள், கல்யாணமாகாதவள், கெட்டிக்காரி. கையேட்டை முழுக்க மனப்பாடம் செய்திருந்தாள். ஊர் வீடுகளில் உள்ளே போய்க் கலந்து காட்டினாள். அங்கே யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. காலனியில் எப்படி வேலை செய்கிறாள் என்று பார்க்க ஒருநாள் அவளோடு போனேன்.

காலனித் தெரு தொடங்குகிற இடத்தில் அவள் நின்றுகொண்டாள். அதற்குமேல் ஒரு அடி வைக்கவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "தண்ணி எடுத்துக்கோ. மூணு வெரல்ல உப்பு. நான் தொட மாட்டேன், நீயேதான் கலக்கணும்." முதல் வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு குனிந்து கலக்கினாள். புத்தகத்தின்படி பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

மூன்றாவது வீட்டிலிருந்து அவர் வெளியே வந்தார். எங்கள் இருவர் பக்கமும் பார்க்கவில்லை. முதல் வீட்டுப் பெண்ணின் பாத்திரத்தை வாங்கிப் பார்த்தார்.

"இது சின்ன சொம்புடி. இதுக்கு இவ்ளோ உப்பு போட்டா கொழந்தைக்கு ஆவாது. கொட்டிட்டு வேற பண்ணு" என்று மெல்லச் சொன்னார். அந்தப் பெண் மறுபடி கலக்கி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

புதுப் பெண் என்னிடம் திரும்பினாள். "நான் சரியாத்தான சார் சொன்னேன்?"

"சரியாத்தாம்மா சொன்ன" என்றேன்.